பச்சைத் தண்ணி

தண்ணி குடிங்க மேடம். பயப்படாம குடிங்க, காய்ச்சினதுதான். இந்த வீட்ல பச்சைத் தண்ணிங்கற பேச்சே கிடையாது. பஸ்ஸு கரட்டு மேட்டு முக்கோட நின்னுடும், அங்கிருந்து இவ்வளவு வெயில்ல நடந்து வந்திருக்கீங்க.

வேண்டாங்களா? சரி, பக்கத்துல வச்சிருக்கேன். தாகம் எடுத்தாக் குடிங்க.

நீங்க வருவீங்கன்னு பஞ்சாயத்து கிளார்க் நேத்தே சொல்லிட்டாருங்க. "தண்ணி ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வருது, உன் பையன் விஷயமாத்தான், ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிப் போட்டுட்டாங்களாம்"னார். நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். யாராவது வந்து கேக்கணும்னுதானே இத்தனை நாளா காத்துட்டிருக்கேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிடறேன். கூட்டிச் சொல்ற பழக்கமும் கிடையாது, குறைச்சுச் சொல்ற பழக்கமும் கிடையாது எனக்கு. கேட்டுட்டு நீங்க எழுதிக்கங்க. ஆனா ஒண்ணை மட்டும் விடாம எழுதணும். பச்சைத் தண்ணி குடுத்ததாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு எழுதணும். யார் குடுத்தாங்கன்னும் எழுதணும். பேரு அன்னக்கொடி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க. காதுல விழுமேன்னு பாக்கறீங்களா? விழட்டும். விழணும்னுதான் சத்தமாப் பேசறேன்.

பையன் அதோ, தூளியில. இருங்க, இப்ப எழுப்பாதீங்க. பால் நேரத்துக்குத் தானா எந்திரிப்பான். இப்பல்லாம் அழறதே இல்லைங்க. எப்பப் பாத்தாலும் தூக்கம்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என்னா அழுகை அழுவான் தெரியுங்களா. இப்ப சமத்தாயிட்டான். நன்மாறன்னு பேர் வச்சிருக்கேன். நான் பி.ஏ. தமிழ். எங்க வீட்ல மொதல் பட்டதாரி நான்தான், அதுக்கு சர்ட்டிபிகேட்டே இருக்கு. நல்ல பேரா வைக்கணும்னு தேடி வச்சேன். அன்னக்கொடி அக்கா வாயில அது ஒரே நாள்ல மாரியப்பன் ஆயிடுச்சு. "ஏ மாரியப்பா, உங்கம்மா என்னடா படிச்சுக்கிட்டே தூளியாட்டறா"ன்னு கூப்பிடுவாங்க. அப்பல்லாம் சிரிச்சுட்டிருந்தேன்.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன்.

மொதல்ல எங்களுக்கு ஆத்துத் தண்ணிதான் வந்துட்டிருந்துச்சு. ரோட்டை அகலம் பண்றோம்னு குழாயை ஒடைச்சுப் போட்டுட்டாங்க. இதா வருது, அதா வருதுன்னு சொல்லிட்டு, கடைசியில ஊருக்குள்ளயே ஒரு போர் போட்டு டேங்குல ஏத்தினாங்க. கோழிப்பண்ணைக்குப் பின்னாடி எரு மேடு இருக்குதுங்களே, அதுக்கு ஒட்டினாப்புல. அங்கதான் புறம்போக்கு கிடைச்சுதாம். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சுங்க. நாத்தம் இல்ல, நிறம் இல்ல. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஆத்துத் தண்ணியை விட இதுதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. உப்புக் கூடக் கரிக்கலைன்னு.

அப்புறம் உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு சார் வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போனார். கொஞ்ச நாள் கழிச்சு டேங்குல நோட்டீஸ் ஒட்டினாங்க. அன்னிக்கு நான்தான் அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இந்த ஊர்ல எந்தத் தாள் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. "பொதுமக்கள் குடிநீரை இருபது நிமிடம் நன்கு கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடிக்கவும்." கீழ ஒரு பானை படம், புகை வர்ற மாதிரி. அவ்வளவுதான்.

"எதுக்கும்மா காய்ச்சணுமாம்?"னு கேட்டாங்க. காரணம் போடலை. போடாட்டி என்ன, பரிசோதனை பண்ணிட்டுத்தானே ஒட்டியிருக்காங்க, கிருமி இருக்கும்னு நானே சொன்னேன். கிருமின்னு சொன்னா ஜனங்களுக்குச் சட்டுனு புரியும் பாருங்க. பொறுப்பு இருக்கறவங்க ஒண்ணைச் சொன்னா, படிச்சவங்க நாமதான் அதைக் கீழ கொண்டுபோய்ச் சேக்கணும். வீடு வீடாப் போய்ச் சொன்னேன் மேடம். யாரும் சொல்லச் சொல்லலை. வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு நடந்தேன்.

யார் கேட்டா? பாதிப் பேர் காய்ச்சலை. அன்னக்கொடி அக்கா கேலி பண்ணினாங்க. "ஏம் புள்ள பட்டதாரி, தண்ணியப் போட்டு இந்தக் காய்ச்சு காய்ச்சறியே, என்ன டிகாக்சனா எறக்கற?" அவங்க புள்ளைங்க ரெண்டும் ஸ்கூல் போற புள்ளைங்க, குழாய்ல வாயை வச்சுக் குடிக்கும். ஒண்ணும் ஆகலைன்னு அவங்களுக்கு ஒரு திமிர். என் வீட்ல நான் சரியா இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்.

பையன் பொறந்தான். பொறந்து கொஞ்ச நாள்ல எனக்கு மார்ல கட்டி வந்து, அறுத்து, காய்ச்சல்ல கிடந்தேன். பால் நின்னு போச்சு. டாக்டரம்மா பவுடர் பால் எழுதிக் குடுத்துச்சு. டின்னுலயே போட்டிருக்கும், காய்ச்சி ஆறின தண்ணியில கலக்கணும்னு. பாருங்க, டின்னும் அதையேதான் சொல்லுது, நோட்டீசும் அதையேதான் சொல்லுது. நான் போன்ல அலாரம் வச்சுக் காய்ச்சினேன். இருபது நிமிஷம்னா இருபது. அப்புறம் எனக்கே மனசு கேக்காது, பச்சைப் புள்ளையாச்சேன்னு இன்னொரு தடவை காய்ச்சுவேன். எங்க வீட்டுக்காரர் முட்டை வண்டி ஓட்டறார், கேரளாவுக்குப் போயிட்டு வருவார். வந்ததும் "வீடு முழுக்க ஆவியா இருக்குது, இட்லிக் கடையா வச்சிருக்க"ன்னு சிரிப்பார்.

என்னங்க? இல்லைங்க, சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் நீங்க கேளுங்க. நடுவுல விட்டா எனக்குக் கோர்வை போயிடும்.

அன்னிக்கு எனக்கு குரூப் ஃபோர் பரீட்சை. டவுன்ல சென்டர். வீட்டுக்காரர் லோடுக்குப் போயிட்டார். வேற வழி இல்லாம பையனை அன்னக்கொடி அக்காகிட்ட விட்டுட்டுப் போனேன். அப்படி ஒண்ணும் பகை கிடையாதுங்க அப்ப. பையன் மேல அவங்களுக்கு உசுரு. விடியறதுக்குள்ள எந்திரிச்சு அன்னிக்கு முழுக்க வேண்டிய தண்ணியை ரெண்டு கொதி காய்ச்சி, ஃபிளாஸ்க்ல ஊத்தி, "அக்கா, இதுல இருந்துதான் கலக்கணும், கையைக் கழுவிட்டுக் கலக்குங்க"ன்னு சொன்னேன். "சரி போடி, நான் ரெண்டு பெத்தவ"ன்னாங்க.

சாயங்காலம் வந்தா, வாசல்ல பையனை மடியில போட்டுட்டு உக்காந்திருக்காங்க. மூஞ்சி பேயடிச்ச மாதிரி. பையன் உதடு நாவப்பழம் தின்ன வாய் மாதிரி இருக்குது. நகமெல்லாம் நீலம். கை கால் துவண்டு போய்க் கிடக்குது. எங்க மச்சாண்டார் வண்டியை எடுத்தார், எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேந்தோம்னே தெரியாது.

ஆக்ஸிஜன் வச்சாங்க. வச்சும் நீலம் போகலை. இருதயத்துல ஓட்டையான்னு படம் எடுத்துப் பாத்தாங்க. ஓட்டை இல்ல. அப்புறம் ரத்தம் எடுத்தாங்க பாருங்க, சிவப்பா வரலை மேடம். சாக்லேட் கலர்ல வந்துச்சு. நான் பாத்தேன். பெத்தவ பாக்கக் கூடாத நிறம் அது. வயசான டாக்டர் ஒருத்தர் அதைப் பாத்ததுமே என்னமோ சொன்னார், உடனே ஓடிப் போய் ஒரு மருந்து எடுத்துட்டு வந்து ஏத்தினாங்க. அந்த மருந்து நீலம். நீலமாப் போன புள்ளைக்கு நீல மருந்து! நான் அழுதேன், கொல்றாங்கன்னு. கொஞ்ச நேரத்துல உதடு சிவக்க ஆரம்பிச்சுது. ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குப் பச்சையாப் போனான்.

அந்த டாக்டர்தான் சொன்னார். "தண்ணிதாம்மா. தண்ணி விஷயத்துல ரொம்பக் கவனமா இருக்கணும்." சரிங்க டாக்டர்னு சொல்றதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். அங்க ஒரு கட்டிலுக்கு ரெண்டு புள்ளை. யாரைப் புடிச்சு என்ன கேக்கறது. வர்றப்ப குடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ் கிறுக்கல். அதுல வாட்டர்ங்கறது மட்டும் புரிஞ்சுது. அது போதுமே. தண்ணின்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு.

வராண்டாவுல அன்னக்கொடி அக்காவைக் கேட்டேன். "அக்கா, ஃபிளாஸ்க் தண்ணிதானே குடுத்தீங்க?" தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்க சின்னவன் ஃபிளாஸ்க்கைத் தட்டி விட்டுட்டானாம். தண்ணி பூரா கொட்டிப் போச்சாம். பையன் வீறிட்டு அழுதானாம். அதனால குழாய்ல புடிச்சு, அப்படியே, பச்சைத் தண்ணியில பவுடரைக் கலக்கி ஒரு பாட்டில் குடுத்தாங்களாம். "ஒரே ஒரு தடவைதாண்டி"ன்னாங்க.

ஒரே ஒரு தடவை! பாம்பு என்ன பத்து தடவையா கடிக்குது?

ஊருக்கு வந்ததும் நான் விடலை. மாரியம்மன் கோயில் முன்னாடி ரெண்டு குடும்பமும் நின்னோம். கற்பூரத்தை ஏத்தி வச்சேன். உண்மையைச் சொல்லிட்டு அணைக்கணும், எங்க பக்கம் அதான் வழக்கம். பொய் சொல்லி அணைச்சா குடும்பம் வெளங்காதும்பாங்க. அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? "குடுத்தேன். பச்சைத் தண்ணிதான் குடுத்தேன். ஆனா நான் அதைக் குடுக்கறதுக்கு முன்னாடியே புள்ளை உதடு கறுத்துத்தான் இருந்துச்சு. காலையில இவ விட்டுட்டுப் போறப்பவே கறுத்து இருந்துச்சு"ன்னு சொல்லி, ரெண்டு கையாலயும் கற்பூரத்தை அமுக்கி அணைச்சாங்க. கை பொசுங்குற வாசனை வந்துச்சு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க மேடம், சாமி முன்னாடியே.

உதடு லேசாக் கறுத்து இருந்துச்சுதான், இல்லைங்கலை. பவுடர் பால் ஆரம்பிச்சதுல இருந்தே கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு. அது எங்க வீட்டுக்காரர் நிறம். அவங்க அப்பாவுக்கும் உதடு கறுப்புதான். அதைப் போய் இதோட முடிச்சுப் போடலாமா?

அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே முற்றமா இருந்ததை மறிச்சு இந்தச் சுவரை எழுப்பினோம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கோயில்ல பாத்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. ஊர்ல அவங்களைப் பாத்தா "புள்ளைக்குப் பச்சைத் தண்ணி குடுத்தவ"ங்கறாங்க. நான் சொல்லச் சொல்லலை. ஆனா சொல்றது நடந்ததைத்தானே. மத்தியானத்துல அந்தப் பக்கம் அழற சத்தம் கேக்கும். கேக்கட்டும்னு இருந்துடுவேன். நீங்க எழுதிட்டீங்கன்னா இதுக்கு ஒரு முடிவு வந்துடும். அரசாங்கமே சொல்லிடுச்சுன்னா அப்புறம் கற்பூரம் எதுக்கு?

எங்க பாக்கறீங்க, அடுப்பையா? அது பாலுக்குத் தண்ணிதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இருபது நிமிஷமெல்லாம் இல்லைங்க. ஒரு சொம்பு வச்சா அரைச் சொம்பா சுண்டணும். அதுவரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். டாக்டர் கவனமா இருக்கச் சொன்னாரே. பாத்திரத்து அடியில வெள்ளையாப் படியுது பாருங்க, எவ்வளவு அழுக்கு பிரிஞ்சு வருதுன்னு. அதை அசைக்காம மேலாகத் தெளிவை எடுத்துத்தான் கலக்குவேன். ஆஸ்பத்திரியில இதெல்லாம் ஒண்ணும் பாக்கலை. கேன் தண்ணியை லேசாச் சுட வச்சுக் கலக்கிக் குடுத்தாங்க. எனக்கு உசுரே இல்ல. ஆனா என்னமோ, அங்க இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். சிரிக்கக் கூட ஆரம்பிச்சான். மருந்தோட பலமா இருக்கும். இங்க வந்து மறுபடி கொஞ்சம் வாடிட்டான். கேன் வண்டி இந்தக் கரட்டைத் தாண்டி வராதுங்க.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? பையன் கையை எதுக்குப் பாக்கறீங்க? நகம் வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுது. சன்னல் துணி நீலம்.

என்ன மேடம் சொல்றீங்க? அணைக்கணுமா? ஏன், இன்னும் சுண்டலையே.

என்ன தாள் இது? புது நோட்டீசா? டேங்குல ஒட்டறதுக்கா? குடுங்க, நான் படிக்கறேன். நான்தானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்.

"எச்சரிக்கை. இந்தக் குழாய் நீரில் நைட்ரேட் அளவு மிகுதியாக உள்ளது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்நீரைக் காய்ச்சியும் கொடுக்க வேண்டாம்."

இதுல பிழை இருக்குங்க. "காய்ச்சாமல் கொடுக்க வேண்டாம்"னு இருக்கணும். அச்சடிச்சவங்க மாத்திப் போட்டுட்டாங்க. இப்படியே ஒட்டினீங்கன்னா ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. ஏற்கெனவே காய்ச்ச மாட்டேங்கறாங்க. இதைப் பாத்தா, பாத்தியா, அரசாங்கமே காய்ச்சாதேன்னு சொல்லிடுச்சும்பாங்க. 

பிழை இல்லைங்களா?

"காய்ச்சியும்." இந்த "உம்" எதுக்கு வந்திருக்கு? எச்சவும்மை. பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். ஒண்ணைச் சொல்லி, சொல்லாம விட்ட இன்னொண்ணையும் சேத்துக் காட்டும். அப்படின்னா காய்ச்சாமலும் வேண்டாம். காய்ச்சியும்...

இருங்க. நீங்க சொல்றது எனக்குச் சரியாக் கேக்கலை. கிருமின்னா செத்துடும், இது சாகாதா? இது உசுர் இல்லையா? உப்பு மாதிரி கரைஞ்சு இருக்குமா? ஆவியாப் போறது தண்ணி மட்டும்தானா? அது அப்படியே நின்னுடுமா, சுண்டச் சுண்ட...

ஒரு சொம்பு, அரைச் சொம்பாச்சுன்னா?

சொல்ல வேண்டாம். கணக்கு எனக்கும் தெரியும்.

நான் ரெண்டு தடவை காய்ச்சினேங்க.

அவங்க ஒரே ஒரு பாட்டில்தான் குடுத்தாங்க. அதுவும் பச்சைத் தண்ணி. காய்ச்சாத தண்ணி.

மெதுவாப் பேசுங்க மேடம். அந்தப் பக்கம் கேக்கும்.

தாள்ல தேதி போட்டிருக்கு. போன வைகாசித் தேதி. பையன் பொறந்தது ஆவணியில. இது அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே அடிச்சதா? இத்தனை மாசமா எங்க இருந்துச்சு இது? உங்க பீரோவுலயா? நீங்க புதுசா வந்தவங்கன்னு தெரியுது, உங்களைச் சொல்லலை. மாத்துத் தண்ணிக்கு வழி பண்ணாம ஒட்டினா ஜனங்க ரோட்டுல உக்காந்துடுவாங்கன்னு வச்சிருந்தாங்களா. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு அந்தப் பானை படத்தை ஒட்டினாங்களா. எப்பவும் ஒட்டறது அதுதானா. சரி. இப்ப ஒட்ட வந்திருக்கீங்கன்னா, வழி பண்ணியாச்சுங்களா?

பண்ணியாச்சுங்களா மேடம்?

பையன் முழிச்சுட்டான். பாருங்க, அழறதுக்குக் கூடச் சத்தம் வரலை. வாயைத் தொறந்து தொறந்து மூடறான். பால் நேரம். பசிக்குது அவனுக்கு. பவுடர் இருக்கு, பாட்டில் கழுவி வச்சிருக்கேன்.

வேண்டாம்னு போட்டிருக்கீங்க. சரி, வேண்டாம். எதைக் குடுக்கணும்னு அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கணும்ல? கீழ முத்திரைதான் இருக்கு. திருப்பியும் பாத்துட்டேன். பின்னாடியும் ஒண்ணும் இல்லைங்க.